இருபது புளியங்கொட்டை

மாதா கோயில் திருவிழாவில் அந்த ஆண்டு போக்கர் போட்டி. காசு வைக்கக் கூடாது. ஆளுக்கு ஐம்பது புளியங்கொட்டை. பரிசு ஒரு தையல் மெஷின்.

கடைசியில் இருவர் மிஞ்சினார்கள். லாஞ்ச் ஓட்டும் எத்திராஜ் முன்னால் கொட்டை மலைபோல் குவிந்திருந்தது. அடைக்கலமேரியிடம் இருபதுதான். ஆட்டத்துக்கு ஐந்து கட்டவேண்டும். நான்கு ஆட்டம் சும்மா இருந்தாலே கை காலி.

கப்பலில் கால் முறிந்து வீட்டோடு இருக்கும் அவள் கணவன் இன்னாசி பின்னாலிருந்து முணுமுணுத்தான். "இருக்க சொல்லவே மொத்தத்தியும் தள்ளிடு மேரி. ரெண்டு கொட்டைய வெச்சிகினு யாரை மிரட்டுவே?"

அவளுக்கு இரண்டு ராஜா வந்தது. எத்திராஜ் முந்திக்கொண்டான். "மிச்சத்த வைக்கிறியா தங்கச்சி, இல்ல வூட்டுக்குப் போறியா?"

அப்போது மூவேளை செப மணி அடித்தது. எல்லாரும் சீட்டைக் கவிழ்த்துவிட்டு எழுந்தார்கள். எத்திராஜும் கை கூப்பினான். கடற்காற்று அவன் சீட்டுகளைப் புரட்டிப்போட்டது. இரண்டு ஜாக்கி, மற்றவை உதிரி. அவள் மட்டுமே பார்த்தாள். ராஜாவே பெரிது. மெஷின் கண்ணுக்குள் நின்றது. செபத்தில் மனம் ஒட்டவில்லை.

செபம் முடிந்ததும் சொன்னாள்: "அண்ணே, உன் சீட்ட பாத்துட்டேன்."

சீட்டுப் போடும் லியோனார்ட், கட்டியதைத் திருப்பிக் கொடுத்து மறுபடி கலைத்தார். இன்னாசி நெற்றியில் அடித்துக்கொண்டான்.

இம்முறை அவளுக்கு வந்தது இரண்டு ஐந்து. அற்பச் சீட்டு. ஆனாலும் இனிக் காத்திருந்தால் தேய்ந்துதான் போவாள். சிலுவை போட்டுக்கொண்டு இருபதையும் தள்ளினாள்.

எத்திராஜ் வெகுநேரம் அவளையே பார்த்தான். "பாத்தத மறைக்காதவ நீ. பெருசா எதுனா இல்லாம தள்ளமாட்டே." கையிலிருந்த இரண்டு ஒன்பதைக் கீழே போட்டு அந்த ஆட்டத்தை விட்டுக்கொடுத்தான்.

அவள் தன் சீட்டைத் திருப்பிக் காட்டினாள்.

"அஞ்சா? ஏமாத்திட்டியே."

"இல்லண்ணே. இருந்தத வெச்சேன்."

கூட்டம் சிரித்தது. அடுத்த ஆட்டத்திலும் அவள் எல்லாவற்றையும் தள்ள, "மறுபடியும் அஞ்சுதானே" என்று அவன் துணிந்து வந்தான். அவளிடம் மூன்று எட்டு. அதன்பிறகு அவனால் அவளைக் கணிக்கவே முடியவில்லை.

தேர் புறப்படும்முன் மலை இந்தப் பக்கம் வந்துவிட்டது.

மெஷினைத் தூக்க இன்னாசியால் முடியாது. எத்திராஜ் தோளில் ஏற்றிக்கொண்டான்.

"வூடு எந்தப் பக்கம் தங்கச்சி?"