புஷ்பக்காவுக்காக ஒரு ஜெபக் குறிப்பு

"இன்னா டார்கஸு, இன்னிக்கும் உங்க சாமி கதையா? சொல்லு, சாம்பார் சாதம் எறங்கணும்ல," என்று சிரித்தாள் புஷ்பம்.

தி.நகர் ஜவுளிக் கடையின் நான்காவது மாடியில், காலி அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே, இரண்டரை மணிக்குத்தான் அவர்களுக்குச் சாப்பாட்டு நேரம். காலையிலிருந்து நின்ற கால்களை நீட்டி உட்காருவார்கள். டார்கஸ் பிளவுஸ் பிட் பிரிவு. புஷ்பம் பட்டுப் பிரிவு. ராயப்பேட்டைக்காரி, டார்கஸைவிடப் பத்து வயது மூத்தவள்.

மூன்று வருடமாக டார்கஸ் அவளுக்கு இயேசுவைப் பற்றிச் சொல்லி வந்தாள். ஆளுக்கொரு ஆத்துமாவையாவது ஆண்டவரிடம் கொண்டுவர வேண்டும் என்று அடையாறில் அவள் போகும் சபையில் போதகர் ஒவ்வொரு வருடமும் கேட்பார். ஆனால் டார்கஸ் அதற்காகச் சொல்லவில்லை. கணவன் விட்டுப் போன வருடத்தில் தன்னைத் தாங்கியது புஷ்பக்காவுக்கும் கிடைக்கட்டும் என்றுதான் சொன்னாள்.

அன்று புஷ்பம் பாதிச் சாதத்தில் டப்பாவை மூடிவிட்டாள்.

"எம் பொண்ணு தீபிகாவுக்கு நிச்சயம் வச்சிகீதுல்ல. அதுக்கு வலிப்பு வரும் டார்கஸு. ரெண்டு தபா வந்துச்சு. மாத்திரை போட்டுக்கினு இப்ப நல்லாத்தான் கீது. ஆனா மாப்ள வீட்டுல நானே நேர்ல சொல்லிடணும். ஞாயித்துக்கெழம திருவான்மியூர் போறேன். எப்டி ஆரம்பிக்கிறதுன்னுதான் தெரியல."

டார்கஸ் அவள் கையைப் பிடித்தாள். "நான் ஜெபம் பண்றேன்க்கா."

"பண்ணு. உங்க ஏசுகிட்ட மட்டும் சொல்லு. வேற யாருக்கும் வேணாம்." எழுந்தவள் திரும்பினாள். "நல்லபடியா முடிஞ்சா ஒரு நாள் உங்க சர்ச்சுக்கு வரேன்டீ."

மூன்று வருடத்தில் அவள் அப்படிச் சொன்னது அதுதான் முதல் முறை. பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது டார்கஸுக்கு இருப்புக்கொள்ளவில்லை. தான் ஒருத்தி ஜெபித்தால் போதாது, சபையே பாரத்தோடு ஜெபிக்க வேண்டும் என்று தோன்றியது. சபையின் வாட்ஸ்அப் குழுவில் தட்டினாள்:

"ஜெபக் குறிப்பு: என்னோடு வேலை செய்யும் ராயப்பேட்டை புஷ்பம் அக்கா இரட்சிக்கப்பட. அவர் மகள் தீபிகாவின் வலிப்பு நோய் நீங்க. திருவான்மியூர் மாப்பிள்ளை வீட்டார் மனம் இளக."

குழுவில் நூற்று நாற்பது பேர். ஆமென் ஆமென் என்று வந்து விழுந்தது. பெயரும் ஊரும் போட்டுத்தான் அங்கே எல்லோரும் குறிப்பு எழுதுவார்கள். பெயர் சொல்லி ஜெபிப்பதுதான் பழக்கம். புஷ்பம் சொன்ன 'வேற யாருக்கும்' என்பதில் சபையும் அடங்கும் என்று டார்கஸுக்கு உறைக்கவேயில்லை.

வெள்ளிக்கிழமையே மாப்பிள்ளை வீட்டிலிருந்து போன் வந்துவிட்டது. குறிப்பை யாரோ இன்னொரு ஜெபக் குழுவுக்கு அனுப்ப, அந்தக் குழுவில் இருந்த ஒருத்தி மாப்பிள்ளையின் அம்மாவுக்கு எதிர் பிளாட். நோயை மறைத்துக் கல்யாணம் பண்ணப் பார்த்தார்கள் என்று நிச்சயத்தை நிறுத்திவிட்டார்கள்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் புஷ்பம் தன் போனை டார்கஸ் முன்னால் வைத்தாள். அதில் அந்தக் குறிப்பு.

"மறைச்சிட்டோமாம். ரெண்டு நாள் விட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே."

"நல்லதுன்னு நெனச்சுதான்க்கா..."

"தெரியும். கெட்ட எண்ணத்துல பண்ணியிருந்தா நல்லா நாலு வார்த்த கேட்டுட்டுப் போயிடுவேன்."

"மன்னிச்சிடுங்கக்கா."

"மன்னிச்சிட்டேன்னு சொன்னா, அதையும் உங்க சர்ச்சுல எழுந்து நின்னு சாட்சி சொல்லுவ." புஷ்பத்தின் குரல் உயரவில்லை. டப்பாவைத் திறக்காமலே கீழே இறங்கிப் போனாள்.

போதகரின் மனைவியிடம் சொல்லி அழுதபோது, "இதிலும் தேவனுக்கு ஒரு நோக்கம் இருக்கும் சிஸ்டர். விடாம பேசுங்க," என்றார் அவர். எப்போதும் சொல்கிற ஆமென் இல்லாமலே டார்கஸ் போனை வைத்தாள்.

இரண்டு வாரம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போகாமல் ராயப்பேட்டைக்குப் போனாள். கதவைத் திறந்தது தீபிகா.

"அம்மா வெளிய போயிருக்காங்க ஆன்ட்டி." உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தாள்.

"என்னாலதான்மா இப்படி ஆச்சு," என்றாள் டார்கஸ். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த மற்ற எதுவும் வரவில்லை.

தீபிகா நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நீங்க சாப்பாட்டு நேரத்துல சொல்றதெல்லாம் அம்மா ராத்திரி வந்து எனக்குச் சொல்லும் ஆன்ட்டி. மொதல்ல கிண்டலாத்தான் சொல்லும். அப்புறம் நானே கேக்க ஆரம்பிச்சிட்டேன், இன்னிக்கு இன்னா சொன்னாங்கன்னு."

டார்கஸ் நிமிர்ந்தாள். தெரியாது. இந்த வீட்டில் இன்னொருத்தி கேட்டுக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரியவே தெரியாது.

"இப்ப அம்மா சொல்றதில்ல," என்றாள் தீபிகா. "நானும் கேக்கறதில்ல."

உள்ளறையில் புஷ்பம் இருமும் சத்தம் கேட்டது. தீபிகா தலையைக் குனிந்துகொண்டாள். அக்கா என்று கூப்பிட டார்கஸின் வாய் திறந்தது. கூப்பிடாமல், தம்ளரைத் தரையில் வைத்துவிட்டுச் செருப்பைத் தேடினாள்.