முந்திச் சொன்னவன்

செல்லபாய் மறுபடியும் உண்டாகியிருக்கிற சேதியைத் தேவகனியிடம் யாரும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பாட்டுக்கு எல்லாரும் எழுந்தபோது, முன்னால் இருந்த செல்லபாய் ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு எழுந்தாள். அதைப் பார்த்ததும் தேவகனிக்கு விளங்கிவிட்டது. மூன்றாவது. அதற்கப்புறம் அவள் வாயில் பாட்டு வரவில்லை. போதகர் என்ன பிரசங்கித்தார் என்று கேட்டால் அவளால் ஒரு வாக்கியம் சொல்லியிருக்க முடியாது.

தேவகனிக்குப் பிள்ளை இல்லை. கல்யாணமாகி இரண்டாம் வருஷம் புருஷன் ஜான்ரோஸ் ஜெயிலுக்குப் போனான். இப்போது எட்டு வருஷம் ஆகிறது.

நடந்தது இதுதான். கொல்லம் ஆண்டு 1102, இங்கிலீஷ் கணக்குக்கு 1927. பங்குனி மாசம் வெயில் அடித்த அடியில் இரணியலைச் சுற்றி வயலெல்லாம் வெடித்துக் கிடந்தது. கால்வாயில் வந்த கொஞ்சம் தண்ணீரையும் முறை வைத்துத்தான் விட்டார்கள். ஜான்ரோசும் அடுத்த வீட்டுச் செல்லபாயின் புருஷன் ஞானதாசனும் பக்கத்துப் பக்கத்து வயலைக் குத்தகைப் பாட்டத்துக்கு எடுத்திருந்தார்கள். கதிர் பால் பிடிக்கிற நேரம். ஒரு நாள் அந்திக் கருக்கலில் இரண்டு பேரும் மண்வெட்டியோடு போய் முறை தப்பி மடையை வெட்டினார்கள். காவல்காரர் நாராயணபெருமாள் கம்போடு ஓடிவந்தார். மூன்று பேரும் சேற்றில் கட்டிப் புரண்டார்கள். நாராயணபெருமாள் எழுந்திருக்கவில்லை. மண்டையில் ஒரே ஒரு வெட்டு.

இரண்டு பேரையும் பிடித்துத் தனித்தனியே அடைத்தார்கள். மூன்றாம் நாள் ஞானதாசன் மாப்புசாட்சி ஆனான். குற்றத்தில் கூட நின்றவனே மற்றவனைக் காட்டிக்கொடுத்தால் சர்க்கார் அவனுக்கு மன்னிப்புக் கொடுக்கும். அதற்குத்தான் அந்தப் பெயர். வெட்டியது ஜான்ரோஸ் என்று கூண்டில் ஏறிச் சொன்னான். சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தான். ஜான்ரோசுக்கு ஜீவபரியந்தம் ஜெயில் விதித்தார்கள்.

விசாரணைக்கு முன்னால் ஒரு வழி இருக்கத்தான் செய்தது. "கொல்லணும்னு வெட்டல்ல, கைகலப்பில பட்டுப் போச்சுன்னு ஒத்துக்கிட்டா சர்க்கார் வக்கீல் எறங்கி வருவாரு. ஏழு வருஷத்தில வெளிய வந்திரலாம்" என்று வக்கீல் வைகுண்டராஜன் சொன்னார். தேவகனி அவர் மேஜைக்கு முன்னால் நின்று, "செய்யாத குத்தத்த எதுக்கு ஒத்துக்கணும்? எனக்க மாப்பிள கையில ரத்தம் இல்ல" என்று அடித்துச் சொன்னாள். அதையே புருஷனிடமும் போய்ச் சொன்னாள். ஜான்ரோஸ் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சரி, நீ சொல்லுத மாதிரியே ஆவட்டும்" என்றான்.

அன்றுமுதல் அவளுக்கும் செல்லபாய்க்கும் நடுவே ஒரு பூவரச வேலிதான். வேலிக்கு இந்தப் பக்கம் தேவகனி தென்னந்தொண்டு தல்லி, ஊறிய தேங்காய் மட்டையை அடித்து நாரெடுத்து, கயிறு திரித்துக் கஞ்சி குடித்தாள். அந்தப் பக்கம் ஓர் ஆண்பிள்ளையின் இருமல் கேட்டது. கொடியில் அவன் வேட்டி காய்ந்தது. தேங்காய்ப்பட்டணத்துச் சாளை மீன் வாங்கி வந்து, "ஏட்டி செல்லம், புளி நல்லா விடு" என்று அவன் சொல்வது கேட்டது. இதையெல்லாம்கூடத் தேவகனி பொறுத்துக்கொள்வாள். அவர்கள் சண்டை போடும்போதுதான் அவளுக்கு வயிறு எரிந்தது. செல்லபாய் மூக்கைச் சிந்திக்கொண்டு கொல்லையில் வந்து நிற்பாள். சண்டை போடுவதற்கும் ஒருத்திக்கு ஆள் வேண்டுமே என்று தேவகனி மட்டையை ஓங்கி ஓங்கி அடிப்பாள்.

ஒருமுறை செல்லபாயின் மூத்த பிள்ளைக்கு வயிற்றோட்டம் கண்டபோது, அவள் ஆட்டுப்பால் கேட்டு வேலியோரம் வந்து நின்றாள். "ஆடு வத்திப் போச்சு" என்றாள் தேவகனி. செம்பு நிறையப் பால் உள்ளே இருந்தது. பிள்ளை பிழைத்துக்கொண்டது. பிழைத்த சேதி கேட்டு ஆறுதல்பட்டாளா, ஏமாந்தாளா என்று அவள் தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை. பயமாக இருந்தது.

ஒன்றே ஒன்று அவளுக்குத் திருப்தி தந்தது. திருவிருந்து கொடுக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் ஞானதாசன், குற்றமுள்ளவன் தொடக்கூடாத அந்த அப்பமும் திராட்சை ரசமும் வாங்காமல் எழுந்து வெளியே போய்விடுவான். எட்டு வருஷமாக ஒரு தடவைகூட வாங்கவில்லை. அவன் முதுகு வாசலைத் தாண்டுகிறவரை தேவகனி பார்த்துக்கொண்டிருப்பாள்.

அந்த ஞாயிறு கழிந்து புதன்கிழமை உச்சிவெயிலில் செல்லபாய் வேலியைச் சுற்றிக்கொண்டு வந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு தேவகனியின் முன்னால் தரையில் உட்கார்ந்தாள்.

"மைனி, அவரு வக்கீலிட்ட போகப் போறாராம். நான்தான் வெட்டுனேன், கோர்ட்டில சொன்னது பொய்யின்னு எழுதிக் கொடுக்கப் போறாராம். ராவும் பகலும் இதே பேச்சு. நான் கால்ல விழுந்தும் கேக்கல்ல."

தேவகனி தல்லுவதை நிறுத்தினாள்.

"இப்பமாவது சொல்லத் தோணிச்சே."

"நீங்க ஒரு வார்த்த வேண்டாம்னு சொன்னா நிப்பாரு. உங்களுக்குத்தான் பயப்படுதாரு. ரெண்டு பிள்ளையள வச்சுக்கிட்டு, வயித்தில ஒண்ணையும் வச்சுக்கிட்டு நான் என்ன செய்வேன் மைனி?"

"நான் என்ன செய்தேனோ அதையே நீயும் செய்யி. தொண்டு தல்லு."

செல்லபாய் தரையில் கையூன்றி எழுந்து போனாள். அவள் நடையில் இருந்த பாரத்தைப் பார்க்கப் பார்க்கத் தேவகனிக்கு நெஞ்சு குளிர்ந்தது.

மறுநாளே வைகுண்டராஜன் வக்கீலைப் போய்ப் பார்த்தாள். அவர் தலைமயிர் வெளுத்திருந்தது. கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஞானதாசன் வாக்கு மாத்தினா அவனுக்குக் கொடுத்த மன்னிப்பு போவும். கொலக்கேசும் வரும், பொய்ச்சாட்சிக் கேசும் வரும். அது உறுதி. ஆனா ஜான்ரோஸ விட்டிருவாங்கன்னு நெனைக்காத. ரெண்டுபேரும் சேந்துதானே போனானுவ? ரெண்டுபேரும் உள்ள இருப்பானுவ, அம்புட்டுதான்."

"ரெண்டுபேரும் உள்ளயா?"

"ஆமா."

வெளியே வந்து ரோட்டில் நடக்கும்போதுதான் தான் சிரித்துக்கொண்டிருப்பது தேவகனிக்குத் தெரிந்தது. புருஷன் வரமாட்டான் என்று சொல்லியிருக்கிறார், அதற்குச் சிரிப்பு. அவள் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். ஆனாலும் சந்தோஷம் போகவில்லை. அந்தப் பக்கத்து இருமலும் நின்றுபோகும்.

சனிக்கிழமை பஸ் ஏறித் திருவனந்தபுரம் ஜெயிலுக்குப் போனாள். கம்பிக்கு அந்தப் பக்கம் ஜான்ரோஸ் வந்து நின்றான். முன்பல் ஒன்று போயிருந்தது. அவள் மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் சந்தோஷப்படுவான் என்று நினைத்தாள். அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்தான்.

"அவன வரவேண்டாம்னு சொல்லு."

"எதுக்கு? காட்டிக்கொடுத்தவனுக்கு எதுக்குப் பாவம் பாக்குதிய?"

"தேவகனி, இன்ஸ்பெக்டர் மொதல்ல எனக்கிட்டதான் வந்தாரு. ஞானதாசன் வெட்டுனான்னு சொல்லு, உன்ன விட்டிருதேன்னாரு. ஒருநாள் யோசிச்சுச் சொல்லுதேன்னேன். மறுநாள் விடிஞ்சதும் சொல்லணும்னுதான் இருந்தேன். வார்த்தையெல்லாம் கூட்டி வச்சிருந்தேன். அதுக்குள்ள அவன் முந்திட்டான்."

"நீங்க சொல்லியிருந்தா அது உண்ம. அவன் சொன்னதுதானே பொய்?"

"எது உண்ம? சேத்தில மூணுபேரும் உருண்டோம். ரெண்டு மம்மட்டியும் வீசிச்சு. எனக்க மம்மட்டியா, அவனுக்க மம்மட்டியா, எனக்குத் தெரியாது. அவனுக்கும் தெரியாது. வெட்டுனது நான்தான்னு அவன் இப்பம் சொல்லுததும் பொய்தான்."

தேவகனி இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்தாள்.

"அப்பம் வக்கீல் சொன்னாரே, ஒத்துக்கிட்டா ஏழு வருஷம்னு. அண்ணைக்கு ஏன் ஒத்துக்கல்ல?"

ஜான்ரோஸ் கம்பியிலிருந்து கையை எடுத்தான்.

"எனக்க மாப்பிள கையில ரத்தம் இல்லன்னு நீ அம்புட்டு உறப்பா நின்ன. ஒனக்க மொகத்தப் பாத்து, எனக்குத் தெரியாதுட்டீன்னு சொல்ல நாக்கு எழும்பல்ல."

ஏழு வருஷம் என்றால் போன வருஷமே முடிந்திருக்கும். போன வருஷமே வீட்டுக்கு வந்திருப்பான். வார்டர் நேரமாகிவிட்டது என்று குரல் கொடுத்தான். ஜான்ரோஸ் திரும்பும்போது, "நாராயணபெருமாளுக்க பெஞ்சாதி எப்படி இருக்கா? எப்பமாவது கண்டியா?" என்று கேட்டான். எட்டு வருஷத்தில் அந்தப் பெண்ணைப் பற்றித் தான் ஒருநாளும் நினைத்ததில்லை என்பதைத் தேவகனி அப்போதுதான் அறிந்தாள். அந்தப் பெண்ணுக்குப் போய்ப் பார்க்க ஒரு ஜெயில்கூட இல்லை.

பஸ்ஸில் வரும்போது வழியெல்லாம் அவளுக்குள் இரண்டு மனசு அடித்துக்கொண்டது. ஒன்றும் சொல்லாமல் இருந்தால் போதும். ஞானதாசன் தானாகவே போய் விழுவான். அவள் விரலைக்கூட அசைக்க வேண்டியதில்லை.

திங்கட்கிழமை காலையில் ஞானதாசன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு படியிறங்கினான். வீட்டுக்குள்ளே செல்லபாய் அழுதுகொண்டிருந்தாள். தேவகனி வேலியருகே போய் நின்றாள். அவனைப் பார்க்க அவளுக்கு இப்போதும் எரிந்தது. மன்னிப்பு என்று ஒன்றும் அவளுக்குள் வந்துவிடவில்லை. ஆனால் தெரியாததை அடித்துச் சொன்னவள் அவளும்தான்.

"போவாண்டாம்," என்றாள்.

ஞானதாசன் நின்றான். "மைனி, எனக்குத் திருவிருந்து அப்பம் தொண்டையில எறங்காது. எத்தற நாளைக்கு வெளிய நிப்பேன்?"

"அவரு வேண்டாம்னு சொல்லியாச்சு. நீ வெட்டுனியா இல்லியான்னு ஒனக்கே தெரியாதுல்லா? தெரியாதத இன்னொரு தடவ சொல்லாத. தெரிஞ்சத மட்டும் எழுதிக் குடு. வா, நானும் வாறேன்."

வைகுண்டராஜன் வக்கீல் மகாராஜாவுக்கு ஒரு கருணை மனு எழுதினார். ஒரே மடையை வெட்டப் போன இருவரில் ஒருவனுக்கு ஒருநாள்கூடத் தண்டனை இல்லை, மற்றவனுக்கு ஆயுசு முழுவதும். இருவரிடமும் ஒரே கேள்விதான் கேட்கப்பட்டது, முந்திப் பதில் சொன்னது ஒன்றுதான் வித்தியாசம் என்று அதில் இருந்தது. "இதில கையெழுத்துப் போட்டாலும் உனக்கு ஆபத்து வரலாம்" என்று வக்கீல் எச்சரித்தார். ஞானதாசன் முதல் கையெழுத்துப் போட்டான். தேவகனி அதன்கீழ் பெருவிரலை உருட்டினாள்.

ஆபத்து ஒன்றும் வரவில்லை. பதிலும் ஒரு வருஷத்துக்கு வரவில்லை. பிறகு ஓர் உத்தரவு வந்தது. தண்டனையைப் பதினாலு வருஷமாக எண்ணி, அதில் மூன்றைக் குறைத்திருந்தார்கள். எதற்குக் குறைத்தார்கள், ஏன் மூன்று, ஏன் ஐந்தில்லை என்று எழுதவில்லை. 1938 சித்திரை மாசம் ஜான்ரோஸ் வீட்டுக்கு வந்தான். அவனுக்கு நாற்பது, பார்த்தால் அறுபது சொல்லலாம்.

முதல் இரண்டு நாளும் அவன் அதிகம் பேசவில்லை. தேவகனி பதினோரு வருஷத்துப் பேச்சைச் சேர்த்து வைத்திருந்தாள். அவன் உம் கொட்டினான். சோற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிசைந்தான். கதவைச் சாத்தினால் எழுந்து திறந்து வைத்தான். அவள் கையைத் தொட்டால் திடுக்கிட்டான்.

மூன்றாம் நாள் மத்தியானம் அவள் குளத்திலிருந்து திரும்பி வரும்போது, ஜான்ரோசும் ஞானதாசனும் பலாமரத்தடியில் குந்தியிருந்தார்கள். அந்தச் சேற்றைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். நீ எந்தப் பக்கம் நின்றாய், காவல்காரர் முதலில் யாரைப் பிடித்தார், கம்பு எங்கே விழுந்தது என்று ஜான்ரோஸ் குச்சியால் மண்ணில் கோடு போட்டுக் கேட்டான். ஞானதாசன் அந்தக் கோட்டை அழித்து வேறு கோடு போட்டான். இருவர் தலையும் முட்டுகிற அளவுக்குக் குனிந்திருந்தார்கள். ஜான்ரோசின் குரலில் உயிர் இருந்தது.

தேவகனி குடத்தை இடுப்பில் வைத்தபடியே நின்றாள். அவளை இருவரும் கவனிக்கவில்லை. எட்டு வருஷம் செல்லபாயைப் பார்த்து எரிந்த அதே இடத்தில், அதே எரிச்சல் மறுபடியும் பற்றிக்கொண்டது. இத்தனை காலம் காத்திருந்தது அவள். பேசுவதற்கு அவனுக்கு ஞானதாசன்தான் வேண்டியிருந்தது.

"கஞ்சி ஆறுது, வாருங்க" என்றாள்.

"ஒரு நிமிஷம் இருட்டீ" என்றான் ஜான்ரோஸ், தலை நிமிராமல்.