வியாழக்கிழமை மாத்திரை

கடைசிக் குளிப்பாட்டலில் சொம்புத் தண்ணீர் தோளில் விழுந்தபோது, வள்ளியாத்தாளின் தலை சரிந்துவிடாமல் மருமகள் நர்மதா இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டாள். படுக்கையில் கிடந்த பதினொரு மாதமும் தூக்கித் தாங்கிய தலை. கைக்கு அந்த எடை பழகியிருந்தது.

"அழுதுபோடு அம்மிணி," என்றாள் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுச் சரஸ்வதியம்மாள். "பெத்த மவகூட இப்படிப் பாத்திருக்க மாட்டா."

நர்மதா சோப்பு நுரையை வழித்துவிட்டாள். அழுகை வரவில்லை.

"கல்லாட்ட நிக்கறா பாரு," என்று பின்னால் யாரோ சொன்னது கேட்டது.

பாலக்காட்டில் மனநல ஆலோசகர் பெர்சி மேடமும் இப்படித்தான் அவள் முகத்தைப் பார்த்துக் காத்திருப்பார். மூச்சு அடைக்கிறது என்று போனவளைச் சோதித்து, நெஞ்சில் கோளாறில்லை, மனசு விட்டுப் பேசு என்று டாக்டர் அவரிடம் அனுப்பியிருந்தார். வீட்டில் இது யாருக்கும் தெரியாது. அத்தையின் மாத்திரை பாலக்காட்டில்தான் கிடைக்கும் என்று சொல்லி வியாழன்தோறும் பஸ் ஏறுவாள். ஒன்பது வியாழன் ஆயிற்று. ஒன்பது முறையும் அத்தை எத்தனை வாய் கஞ்சி குடித்தாள், முதுகுப் புண் எவ்வளவு ஆறியது என்றே சொல்லிவிட்டு வந்தாள்.

போன வாரம் பெர்சி பேனாவை மூடி வைத்தார்.

"நர்மதா, நாம ரெண்டு பேரும் ஒரே இடத்துல நின்னுட்டோம். தப்பு எம்மேலயும் இருக்கலாம். நான் உங்கள அவசரப்படுத்தறேனா?"

அவளிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. வாய் வரை வந்தது. விடிந்ததும் அத்தையின் மூக்கருகே விரல் வைத்துப் பார்ப்பதும், சூடாக மூச்சு பட்டதும், இன்னும் இருக்கிறாளே என்று தனக்குள் ஏதோ ஒன்று தொய்ந்துபோவதும்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க," என்று எழுந்துவிட்டாள்.

இன்று விடிந்தபோது விரலில் எதுவும் படவில்லை.

மத்தியானம் ஆண்கள் சுடுகாட்டிலிருந்து திரும்பினார்கள். அத்தையின் தங்கை மகன் கோகுல்நாத், கொழிஞ்சாம்பாறையில் மருந்துக்கடை வைத்திருப்பவன், கட்டிலடியில் கிடந்த மாத்திரை அட்டையை எடுத்துப் பார்த்தான்.

"இது நம்ம கடையிலயே இருக்குதுங்க அண்ணி. பெரிம்மாகிட்ட அப்பவே சொன்னனே. 'உன்ற வாய மூடிட்டிரு, வாரத்துல ஒரு நா அவ வெளிய போயிட்டு வரட்டும்'னு என்னைய வஞ்சாங்க."

சிரிக்கப் போனவன், எங்கே நிற்கிறோம் என்று நினைவு வந்து அட்டையை வைத்துவிட்டுப் போனான்.

நர்மதா அந்த அட்டையைக் கையில் எடுத்தாள். மூச்சு அடைத்தது.

தலை துவட்டியபடி அவள் கணவன் மோகனசுந்தரம் உள்ளே வந்தான். "இனி உனக்குப் பாலக்காட்டு அலைச்சல் இல்ல," என்றான். அன்பாகத்தான் சொன்னான்.

கட்டில்மேல் இருந்த அவளுடைய போன் அடித்தது. திரையில் 'மாத்திரைக்கடை' என்று வந்தது. பெர்சியின் எண்ணை அப்படித்தான் பதிந்து வைத்திருந்தாள்.

மோகனசுந்தரம் எட்டிப் பார்த்தான். "இனி வேண்டாம்னு சொல்லிப்போடு."

எடுத்தாள்.

"வியாழக்கிழமை வர்றீங்கல்ல நர்மதா?"

"அத்தை போயிட்டாங்க மேடம். நேத்து நாலு வாய் கஞ்சி..." நிறுத்தினாள்.

பெர்சி காத்திருந்தார்.

"வர்றேனுங்க," என்று வைத்தாள்.

"எங்க?" என்றான் மோகனசுந்தரம்.

'மீதி மாத்திரையைத் திருப்பிக் கொடுக்கணும்' என்ற பொய் தயாராக நாக்கில் இருந்தது.

"அது மாத்திரைக்கடை இல்லீங்க."

மெத்தையில் அத்தை கிடந்த பள்ளம் அப்படியே இருந்தது. நர்மதா அதன் ஓரத்தில் உட்கார்ந்தாள். மோகனசுந்தரம் ஈரத்துண்டைக் கையில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்து நின்றான். துண்டிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டியது.