உப்பில் வந்த விரல்

பட்டாளத்துக்காரன் மாமெர்கூஸ் கொண்டுவந்த மண்சாடி உள்ளங்கையில் அடங்கும் அளவுதான். மூடியை மெழுகால் அடைத்திருந்தான். உள்ளே உப்பு. உப்புக்குள் ஸ்தாதியுஸின் ஒரே மகன் கைசோவின் விரல்.

வடக்கே போரில் செத்தவனை அங்கேயே எரித்துவிடுவார்கள். எரிக்கும்முன் ஒரு விரலை வெட்டி வைத்துக்கொள்வது வழக்கம். அது சொந்த மண்ணுக்குள் போகும்வரை வீட்டுக்குத் தீட்டு. செத்தவனுக்கும் போக்கிடம் கிடையாது. சாவுச் செய்தி குளிர்காலத்திலேயே வந்துவிட்டது. அன்றிலிருந்து ஸ்தாதியுஸ் சவரம் செய்யவில்லை. குலதெய்வத்துக்குப் படையல் வைக்கவில்லை. இப்போது சாடியைப் பார்த்ததும் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு தன் அப்பனின் கல்லறைக்குப் பக்கத்தில் குழி வெட்டப் போய்விட்டார்.

அவர் மனைவி ஹெல்வியா சாடியைத் திறந்தாள். உப்பைத் தட்டி, விரலைத் துணியில் வைத்துப் பார்த்தாள். பிறகு கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்த மாமெர்கூஸிடம் போனாள்.

"இது எந்தக் கை தம்பி?"

"இடது கைம்மா. மோதிர விரல்."

"சின்ன வயசுல ஒலிவ ஆட்டுற கல்லுல மாட்டி நசுங்குன விரல் அது. வளைஞ்சே ஒட்டிக்கிச்சு. உப்புல போட்டா கோணல் நிமிந்துருமா?"

அவன் குடத்தைக் கீழே வைத்தான்.

"கூடவே தின்னு கூடவே படுத்தவன்தானே நீ. அவன் கையப் பாத்ததே இல்லையா?"

"அந்தக் குளிர்ல யாரும்மா கையக் காட்டுறா? எந்நேரமும் கந்தல் சுத்திக்கிட்டுத்தான் கிடப்போம்." தலையைக் குனிந்தான். "ஆத்துல பனிக்கட்டி ஒடஞ்சிடுச்சு. பொதி சுமந்த கோவேறு கழுதையோட உள்ள போயிட்டான். தேடி எறங்குனவனும் வரல. உடம்பே கிடைக்கலம்மா."

"அப்ப இது யாரு?"

"ரெபுர்ருஸ்னு ஒருத்தன். ஹிஸ்பானியாக்காரன். காய்ச்சல்ல போனான். அவனுக்குன்னு யாரும் இல்ல."

"இல்லைன்னு நீ கண்டியா?"

"வெறுங்கையோட உங்க வாசல்ல வந்து எப்படிம்மா நிக்கிறது?"

அறையலாம் என்றுதான் கையை ஓங்கினாள். அதற்குள் ஸ்தாதியுஸ் கல்லறை மேட்டிலிருந்து இறங்கி வந்தார். முழங்கால் வரை மண்.

"என்னப்பா, எங்க கிணத்தையே காலிபண்ணிடுவ போலிருக்கே. பட்டாளத்துல தண்ணியே காட்டலையா?" என்றார். சாவுச் செய்தி வந்தபின் அவர் வாயிலிருந்து வந்த முதல் கேலி அது. ஹெல்வியா விரலைத் துணியில் சுற்றி அவரிடம் நீட்டினாள்.

அவர் குழிக்குள் வைத்தார். மண்ணை அள்ளிப் போட்டு மகன் பெயரை உரக்கக் கூப்பிட்டார். அக்கம்பக்கத்தாரும் கூப்பிட்டார்கள். ஹெல்வியாவின் உதடு அசைந்ததே தவிர, சத்தம் வரவில்லை. அழுகிறாள் என்று விட்டுவிட்டார்கள். அன்று ஸ்தாதியுஸ் சவரம் செய்தார், அவரைப் பயறும் முட்டையும் தின்றார், குறட்டைவிட்டுத் தூங்கினார். அவர் தூக்கத்தைக் கெடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. மறுநாளும் வரவில்லை.

மே மாதம் பிறந்தது. அலையும் ஆவிகள் வீடு தேடி வரும் நாட்கள். நடுநிசியில் ஸ்தாதியுஸ் எழுந்து, செருப்பில்லாமல், கறுப்பு அவரை விதைகளை வாயில் அடக்கிக்கொண்டு வீட்டைச் சுற்றினார். திரும்பிப் பார்க்காமல் ஒவ்வொன்றாகப் பின்னால் துப்பினார். "இதக் குடுத்து என்னையும் என் வீட்டாளுங்களையும் மீட்டுக்கிறேன்." ஒவ்வொரு வருடமும் செய்வதுதான். இந்த வருடம் குரல் கணீரென்று இருந்தது. புதைக்க வேண்டியதைப் புதைத்துவிட்ட மனிதனின் குரல்.

பிறகு கையைக் கழுவி, வெண்கலத் தட்டை எடுத்தார். ஓங்கி அடித்தார். "வெளிய போ! இந்த வீட்டை விட்டு வெளிய போ!"

இரண்டாவது அடி விழும்போது ஹெல்வியா இருட்டில் ஓடிவந்து தட்டைத் தன் வயிற்றோடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள். வெண்கலம் ஊமையாகிவிட்டது.

"என்னடி இது? பைத்தியமா? பாதியில நிறுத்துனா ஆவி வாசல்லயே நின்னுடும்."

"நிக்கட்டும்யா."

"ஹெல்வியா, தட்டைக் குடு."

"தர மாட்டேன். நீ தொரத்துறது நம்ம கைசோவ."

ஸ்தாதியுஸ் கதவுப் பக்கம் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"அவனத்தான் நான் பொதைச்சுட்டேனே" என்றார். கையிலிருந்த அடிகோல் நழுவித் தரையில் விழுந்தது.

"இல்லய்யா" என்றாள் ஹெல்வியா.