பிறக்காத குட்டிகள் குரைத்த வீடு

தாய் நாய்க்குக் கருப்பையை எடுத்த மறுவாரம், நாய் வளர்ப்பவரின் வீட்டில் பிறக்காத குட்டிகள் குரைக்கத் தொடங்கின. அந்த வாரம் வெங்காய விலையும் ஏறியிருந்ததால் தெருவில் இதை யாரும் பெரிதாகப் பேசவில்லை. அந்த இனத்தில் முன்கால் எலும்பு வளைந்துபோகும் பரம்பரை நோய் ஒன்று உண்டு. வாங்க வருகிறவர்கள் சான்று கேட்கவே, அவர் தாய் நாயின் கன்னத்து உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் துடைத்து ஆய்வகத்துக்கு அனுப்பினார். அதற்கு நோய் இல்லை, ஆனால் குட்டிகளுக்குக் கடத்தும் என்றது மரபணுச் சோதனை. குறையில்லாத ஆணோடு சேர்த்தால் எந்தக் குட்டிக்கும் கால் வளையாது என்று கால்நடை மருத்துவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். இவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை, கருப்பையையே எடுக்கச் சொல்லிவிட்டார். “குறையுள்ள எதுவும் இனி என் வீட்டுல பொறக்கக் கூடாது,” என்று சாப்பாட்டு மேசையில் சொன்னார். எதிரே அவருடைய ஒரே மகள் இருந்தாள். அவளுக்குப் பிறவியிலேயே கால் எலும்புகள் வளைந்திருந்தன. அது அவர் வழியில் வந்தது. மனைவி கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். மகள் தட்டிலிருந்ததை முழுக்கச் சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்தாள். அதன்பிறகு அவரோடு பேசவில்லை.

குட்டிகள் கண்ணுக்குத் தெரியாது. கிண்ணத்தில் பால் குறையும், செருப்பு கடிபடும். முதலில் சண்டைக்கு வந்த பக்கத்து வீட்டுக்காரர், பிறகு தன் செருப்பை அலமாரிமேல் வைக்கப் பழகிக்கொண்டார். பிறக்காமலே இத்தனை சேட்டை என்றால் பிறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தெருவில் சிரித்தார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? தாய் நாய் மட்டும் நாளெல்லாம் மடியைக் காட்டிப் படுத்துக் கிடந்தது. பார்க்கப் பாவமாக இருந்தது. குட்டிகளில் ஒன்று நொண்டியது. காலடிச் சத்தத்திலேயே தெரிந்தது. அது மகளை விட்டு நகராது. அவர் எத்தனையோ முறை மகளின் அறை வாசல்வரை போனார். மன்னிப்புக் கேட்காமலே திரும்பிவந்தார்.

இப்படியே வருடங்கள் போயின. மகளுக்கு வெளியூரில் வேலை கிடைத்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு பேருந்துவரை அவர்தான் போனார்; நொண்டும் காலடிச் சத்தமும் மகளின் பின்னாலேயே வந்தது.

“அதையும் கூட்டிட்டுப் போறியா?” என்றார்.

“அதுக்குத்தான் உங்க வீட்டுல எடமில்லையேப்பா.”

கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் அவரை அறுத்தது. நடத்துநர் அவளுடைய வெற்று மடியைப் பார்த்துவிட்டு, நாய்க்கும் சேர்த்து டிக்கெட் கிழித்தார். கீழே நின்ற அப்பா ஜன்னல் வழியாகக் கையை நீட்டினார். ஈரமான மூக்கொன்று விரலை முகர்ந்து பார்த்தது. நக்கவில்லை. பேருந்து கிளம்பியது.