மழைச் சத்தம் நீக்கப்பட்டது

எங்கள் தேவாலாவில் ஆனி மாதம் வந்து ஒருவன் "இன்று மழை பெய்யும்" என்று சொன்னால், பாவம் ஊருக்குப் புதுசு போல என்று நினைப்போம். என் கம்ப்யூட்டர் அதைத்தான் தினமும் காலையில் சொல்கிறது. திரையின் ஓரத்தில் ஒரு குட்டி மேகம், பக்கத்தில் ஒரு குடை. நான் கேட்கவே இல்லை. ஒருநாள் அப்டேட் ஆனது, மேகம் வந்து உட்கார்ந்துகொண்டது.

அதற்கு முந்தைய அப்டேட்டில் ஒரு சீட்டு விளையாட்டு வந்தது. அதற்கும் முன்னால், யாரோ ஒரு நடிகையின் நாய்க்குட்டிக்குப் பிறந்தநாள் என்று ஓடும் செய்திப் பட்டை. செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராக அடுப்படி வரைக்கும் வருகிற விருந்தாளிகள் இவர்கள். நீக்கினால், "எங்களைப் பிடிக்கவில்லையா?" என்று அழுமூஞ்சிப் படம் போட்டுக் கேட்பார்கள். ஆமாம் என்று அமுக்கினால் போய்விடுவார்கள். அடுத்த அப்டேட்டில் பெட்டி படுக்கையோடு திரும்பி வருவார்கள்.

நான் சரிதா. டீ பாக்டரி ஆபீசில் கிளார்க். கொழுந்துக் கணக்கு, லீவுக் கணக்கு, லாரி ஏன் இன்னும் வரவில்லை என்ற சண்டை, எல்லாம் என் மேசைக்குத்தான் வரும். எனக்கு அந்த வேலை ரொம்பப் பிடிக்கும். தொழிலாளர் குடியிருக்கும் எஸ்டேட் லயத்தில் பிறந்து, அதே எஸ்டேட்டின் ஆபீசில் நாற்காலி போட்டு உட்கார்ந்த முதல் பெண் நான்தான். அதில் எனக்குத் தலைக்கனம் உண்டு, மறைக்க மாட்டேன். என்னைப் பெண் கேட்டு வந்த மூன்று இடத்திலும் "பொண்ணு வேலையை விட்டுருமா?" என்று கேட்டார்கள். விட மாட்டேன் என்றேன். "ஊருக்குப் போய்க் கலந்து பேசிட்டுச் சொல்றோம்" என்றார்கள். அப்படிப் போனவர்கள் யாரும் இதுவரை கலந்து பேசி முடிக்கவில்லை.

நாலாவதாக வந்த இடம் கட்டபெட்டு. பையன் பெயர் விமல், அங்கே ஒரு டீ பாக்டரியில் மெஷின் ஃபிட்டர். அவர்களும் எங்களைப் போலவே சிலோன் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பம். ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருவதாக இருந்தது. சனிக்கிழமை வழியில் நடுவட்டம் பக்கம் மண் சரிந்து பஸ் நின்றுபோனது. அடுத்த வாரம் ஆடி பிறந்துவிடும், ஆடியில் கல்யாணப் பேச்சு எடுக்கக் கூடாது என்று அம்மா ஒற்றைக் காலில் நின்றதால், கம்ப்யூட்டரில் பார்த்துக்கொள்வது என்று முடிவானது. போன் என்றால் ஒரு குடும்பத்தின் முகம் மொத்தமும் அதில் அடங்காது.

என் கவலையெல்லாம் கம்ப்யூட்டரைப் பற்றித்தான். கடைசியாக வந்து சேர்ந்த விருந்தாளியின் பெயர் 'தெளிவுக்குரல்'. சட்டை போட்ட ஒரு குருவி, கையில் மைக். "நீங்கள் பேசும்போது வேண்டாத சத்தங்களை நான் நீக்குவேன்" என்று சொல்லும். எது வேண்டாத சத்தம் என்று முடிவு செய்ய அது யார்? அது வந்ததிலிருந்து கம்ப்யூட்டர் ஏற்றத்தில் ஏறும் கொழுந்து லாரி மாதிரி முனகிக்கொண்டிருந்தது. இரண்டு தடவை நீக்கியும் திரும்பி வந்ததால், சனிக்கிழமை சாயங்காலம் உட்கார்ந்து மூன்றாவது தடவையாக வேரோடு பிடுங்கிப் போட்டேன். அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் காலை, கட்டபெட்டுக்காரர்கள் அழைக்கப் போகும் நேரத்தில் பட்டுச் சேலையோடு கம்ப்யூட்டரைத் திறந்தேன். திரை முழுக்க நீலமாகி, "உங்களுக்காகச் சில புதிய விஷயங்களைத் தயார் செய்கிறோம், அணைக்க வேண்டாம்" என்றது.

அதை எனக்கு விற்ற கூடலூர் ரிஜோவுக்குப் போன் போட்டேன்.

"சேச்சி, அது கம்பெனி விடுறதாக்கும். நம்மட கையில ஒண்ணுமில்ல. வெயிட் பண்ணணும்," என்றான் ரிஜோ.

"என் காசு போட்டு நான் வாங்குன கம்ப்யூட்டர், ரிஜோ."

"வாங்குனது சேச்சிதான். ஆனா அது கேக்குறது அவங்க பேச்சையாக்கும்."

அப்பா அழகையா இஸ்திரி போட்ட வேட்டி கசங்காமல் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, "கொஞ்சம் வெரசாப் பாரு சாமி" என்று திரையிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார். அம்மா அதற்குத் திருநீறு பூசக் கிளம்பினாள். தடுத்துவிட்டேன். எனக்கு வந்த கோபத்தில் அந்தக் கம்பெனிக்காரர்கள் எதிரில் இருந்திருந்தால், லாரி டிரைவர்களுக்கென்று நான் வைத்திருக்கும் வார்த்தைகள் அத்தனையும் அவர்களுக்குக் கிடைத்திருக்கும்.

ஒருவழியாகத் திரை தெளிந்தது. மேகம் வந்தது, குடை வந்தது, சீட்டுக்கட்டு வந்தது. கடைசியாக, பிடுங்கிப் போட்ட குருவியும் வந்து, "நான் தயார்" என்றது. கழுத்தைத் திருகுவதற்குள் கட்டபெட்டிலிருந்து அழைப்பு வந்துவிட்டது.

திரையில் மூன்று பேர் தெரிந்தார்கள். நடுவில் விமல், ஒரு பக்கம் அவனுடைய அப்பா, மறுபக்கம் அம்மா வாசுகி. எங்கள் பக்கம் தகரக் கூரையில் மழை சாத்திக்கொண்டிருந்தது. பக்கத்தில் இருப்பவரிடம் பேசவே கத்த வேண்டும்.

"அங்கெல்லாம் மழை எப்படிங்க?" என்று கேட்டார் விமலின் அப்பா.

"கொட்டுதுங்க," என்று கத்தினார் அப்பா.

"அப்படிங்களா? ஒரு சத்தமும் கேக்கலீங்களே."

எனக்கு அப்போதே பொறி தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை, ஏனென்றால் அந்த நேரம் பார்த்து விமல் என்னிடம் பேசினான். "சீசன்ல லாரி லேட்டாச்சுன்னா கொழுந்து சூடேறிப் போயிருமேங்க. நீங்க என்ன பண்ணுவீங்க?"

"டிரைவரைத் திட்டுவேங்க," என்றேன்.

அவன் வாய்விட்டுச் சிரித்தான். அதுவரை வந்தவர்கள் என்ன சமைக்கத் தெரியும் என்று கேட்டிருக்கிறார்கள், பாடத் தெரியுமா என்றுகூட ஒருத்தர் கேட்டார். என் வேலையைப் பற்றி யாரும் கேட்டதில்லை. எனக்கு அவனைப் பிடித்துவிட்டது. நேராகச் சொல்வதில் என்ன இருக்கிறது, அந்த ஒரு கேள்வியிலேயே பிடித்துவிட்டது.

வாசுகியம்மாள் சிரிக்கவில்லை. "கல்யாணத்துக்கப்புறம் பொண்ணோட வேலை எப்படிங்க?" என்று கேட்டார்.

அப்பாவின் முகம் சுருங்கியது. "ஒரு நிமிசங்க, உள்ள கலந்துட்டு வந்துர்றோம்," என்று எழுந்தார். நான் மைக்கை அணைக்கக் கையை நீட்டினேன். அம்மா என் கையைத் தட்டிவிட்டாள். பெண் கேட்டு வந்தவர்கள் உட்கார்ந்திருக்கும்போது வீட்டில் எதையும் அணைக்கக் கூடாதாம். மைக்கும் அதில் சேர்த்தி.

"இந்த மழைக்கு நாம பேசுறது பக்கத்து ஊட்டுக்கே கேக்காது புள்ள, வா," என்றாள்.

அது உண்மைதான். லயத்தில் ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். புருஷன் பெண்டாட்டி சண்டையோ, ஊர் வம்போ, ரகசியம் எதுவானாலும் மழை வலுக்கும்வரை பொறுத்திருந்து பேசுவதுதான் எங்கள் வழக்கம். தகரம் அதிரும்போது எங்கள் ஊரில் எல்லோரும் மனதில் இருப்பதைச் சொல்வோம். அந்த நம்பிக்கையில் அடுப்படியில் நின்று மூன்று பேரும் தொண்டை கிழியக் கத்தினோம்.

"அந்தம்மா மூஞ்சில சிரிப்பே இல்ல. பரீட்சப் பேப்பர் திருத்துற மாதிரில உக்காந்திருக்கு," என்றாள் அம்மா.

"பையன் நல்ல மாதிரிதான். காதுதான் கொஞ்சம் பெருசு," என்றார் அப்பா.

"பெருசா இருந்தா இருக்கட்டும்பா, நான் சொல்றது நல்லாக் கேக்கும். எனக்கு அவரப் பிடிச்சிருக்கு," என்றேன்.

"அப்ப வேலைய விட்டுரும்னு சொல்லிர்றேன்."

"விட மாட்டேன்பா. அத மட்டும் சொல்லாதீங்க."

"மூணு எடம் தட்டிப்போச்சு சரிதா. பிடிச்சிருக்குன்னு நீயே சொல்ற. இப்ப விட்டுரும்னு சொல்லுவோம், பொறவு பாத்துக்கலாம்."

பிறகு பார்த்துக்கொள்வது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். முதலில் ஒரு மாதம் லீவு, அப்புறம் வீட்டு வேலை, அப்புறம் என் நாற்காலியில் வேறு யாரோ. ஆனாலும் விமலின் சிரிப்பு கண்ணிலேயே நின்றது. எனக்கு அழுகை வந்துவிட்டது. "சொல்லிக்கோங்க, போங்க," என்று கத்திவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

திரும்பி வந்தபோது திரையில் மூன்று பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். விமல் மட்டும் முடியை இழுத்துக் காதை மூடப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்பா தொண்டையைச் செருமினார். "பொண்ணு வேலைய விட்டுருங்க. அதுல ஒரு தடையும் இல்லீங்க."

"விட மாட்டேன்னு அடுப்படியில சொல்லுச்சுங்களே," என்றார் வாசுகியம்மாள்.

திரையின் மூலையில் குருவி எட்டிப் பார்த்தது. "மழைச் சத்தம் நீக்கப்பட்டது. தூரத்துக் குரல்களும் தெளிவாக அனுப்பப்பட்டன" என்றது. ஒரு சிரிப்புப் படம் வேறு. அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்பா நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டார். நாலாவது இடமும் போச்சு, அதுவும் நான் மூன்று முறை கொன்ற ஒரு குருவியால் போச்சு என்று நினைத்தேன்.

"நான் விட்டுருமான்னு கேக்கலீங்க, எப்படின்னுதான் கேட்டேன்," என்றார் வாசுகியம்மாள். "பரீட்சப் பேப்பர்னு சொன்னீங்களே, அது சரிதான். பிக்கட்டியில பள்ளிக்கூட டீச்சரா இருந்தவ நான். என்னைப் பொண்ணு பாக்க வந்தப்பவும் எங்கப்பா இப்படித்தாங்க அடுப்படியில இருந்து வெளிய வந்து, வேலைய விட்டுரும்னு சொன்னாரு. நான் கதவுக்குப் பின்னால நின்னு கேட்டுட்டே இருந்தேன். ஒரு வார்த்தை பேசல. இப்பவும் ஜூன் மாசம் பள்ளிக்கூடம் தெறக்குறப்போ எனக்குச் சோறு எறங்காதுங்க."

பக்கத்தில் இருந்த விமலின் அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அவர் அதை அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கேட்கிறார் என்று அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

விமல் முடியை விட்டுவிட்டு நிமிர்ந்தான். "தேவாலாவுலயும் மெஷினெல்லாம் ரிப்பேராகத்தானேங்க செய்யும்? ஃபிட்டருக்கு அங்க வேலை இருக்குமில்லீங்களா?" என்று என் அப்பாவைக் கேட்டான்.

"தினமும் ஆவுது தம்பி," என்றார் அப்பா.

வாசுகியம்மாள் திரைக்குக் கிட்டே வந்தார். "நீ சொல்லு கண்ணு. உள்ள போகாத. எல்லாரும் இருக்கறப்பவே சொல்லு."

ஆபீசில் இருபது டிரைவர்கள் சூழ்ந்து நின்றபோதுகூட எனக்கு இவ்வளவு பயம் வந்ததில்லை.

"வேலைய விட மாட்டேங்க," என்றேன். "அவரக் கட்டிக்கறேன்."

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, "பொண்ணு சொன்னதுதாங்க என் பேச்சும்," என்றார்.