காற்றுப் பக்கம் நின்ற கப்பல்

எங்கள் கப்பல் கட்டும் தளத்தில் கட்டி முடித்த புது ரோந்துக் கப்பலுக்கு நாங்கள் வைத்திருந்த பட்டப்பெயர் மாப்பிள்ளை. கடற்படையிடம் ஒப்படைத்த பிறகும் நாலு நாள் கடலுக்குப் போகும், ஏதாவது ஒரு கோளாறைச் சொல்லிக்கொண்டு திரும்பி வந்து எங்கள் துறையிலேயே நிற்கும். "மாப்பிள்ளை வந்துட்டாரு, விருந்துக்கு ஏற்பாடு பண்ணுங்கடா" என்பான் பெயின்டர். அதைப் பற்றி கேன்டீனில் தினமும் வாய்ச்சண்டைதான். பீரங்கி சின்னது. ஹெலிகாப்டர் இறங்கத் தளம் இருக்கிறது, ஹெலிகாப்டர் இல்லை. மாலுமிகள் அதில் பந்து விளையாடுகிறார்கள். "பார்க்க ராஜா மாதிரிதான் இருக்கு. எவனாவது வந்துட்டா ஹாரன் அடிச்சுதான் விரட்டணும்" என்பான் வெல்டர். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன், வீட்டில் சொல்லியும் சிரித்திருக்கிறேன்.

அன்று காலை தங்கச்சி தளத்தின் கேட்டுக்கு வந்து நின்றாள். தலைகூட வாரவில்லை. அவளோடு, அவள் புருஷன் போகிற படகின் டிரைவருடைய மனைவி, இடுப்பில் குழந்தையோடு. தங்கச்சி புருஷன் மீன்பிடிக்கப் போன விசைப்படகு நடுக்கடலில் இன்ஜின் நின்று கிடக்கிறது. ஐந்து பேர். காற்று அவர்களைப் பாறைத்திட்டுப் பக்கம் தள்ளிக்கொண்டு போகிறது. வயர்லெஸ்ஸில் கேட்டது அவ்வளவுதான். மற்ற படகுகள் எதுவும் அந்தக் காற்றில் போகாது.

"அதோ நிக்குதே அண்ணே, அவ்வளவு பெரிசா. அது போகாதா?"

"இன்ஜின்ல வேலை இருக்கும்மா."

"நீங்க கட்டின கப்பல்தானே? நீ போய்ச் சொல்லு."

நான் யாரிடம் போய் என்னத்தைச் சொல்ல? கப்பலின் அடிவயிற்றில் தேங்குகிற எண்ணெய்த் தண்ணீரை அள்ளி, துருவையும் அழுக்கையும் சுரண்டுகிற கூட்டத்தில் நான் ஒருவன். இருந்தாலும் வாளியையும் சுரண்டியையும் தூக்கிக்கொண்டு கப்பலுக்குள் இறங்கினேன்.

இன்ஜின் அறையில் கேப்டனும், இன்ஜின்களுக்குப் பொறுப்பான சீஃபும் நின்றிருந்தார்கள். இரண்டு இன்ஜினில் ஒன்றுக்குத் தண்ணீர் பம்ப் ஓடவில்லை. மாற்ற வேண்டிய பம்ப் பக்கத்திலேயே பெட்டியில் இருந்தது. மாற்றவும் சீஃபுக்குத் தெரியும். ஆனால் ஓடாத பம்பின் மூடி மேல், வீட்டுக் கரண்ட் மீட்டரில் இருப்பதுபோல ஒரு கம்பி, அதில் ஈய சீல். இன்ஜின் செய்த கம்பெனியின் ஆள் வந்துதான் அதை அறுக்க வேண்டும். கப்பல்காரர்கள் அறுத்தால் கேரண்டி போய்விடும். அந்த ஆள் மறுநாள்தான் விமானத்தில் வருகிறான்.

"ஒரு இன்ஜின்ல போக முடியுமா?" என்றார் கேப்டன்.

"போயிடலாம் சார். போய் அங்க நிக்க முடியாது. இந்த அலையில நம்ம சின்ன போட்டை இறக்கவே முடியாது. காத்து அடிக்கிற பக்கமா நாமளே குறுக்க நின்னு மறைச்சாத்தான் அவங்களை ஏத்தலாம். அதுக்கு ரெண்டும் ஓடணும்."

கேப்டன் மேலே போய் ஃபோன் பேசினார். மேலிடத்தில், கேட்டுச் சொல்கிறோம் என்றார்களாம். கம்பெனியில், எழுத்தில் அனுப்புங்கள் என்றார்களாம். மறுபடி இறங்கி வந்தார், மறுபடி ஏறிப் போனார். நான் அள்ளிய இடத்திலேயே அள்ளிக்கொண்டு அந்தப் பம்பைச் சுற்றிச் சுற்றி வந்தேன். மதியச் சங்கும் ஊதிவிட்டது.

சீஃப் என்னைப் பார்த்தார். "உனக்கு என்னய்யா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?"

"அந்தப் படகுல என் தங்கச்சி வீட்டுக்காரர் இருக்கார் சார்."

அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார். அப்புறம் பம்பைக் காட்டினார். "இந்த மூடி ரொம்ப அழுக்கா இருக்கு. நல்லா அழுத்திச் சுரண்டு." சொல்லிவிட்டு எனக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார்.

புரிய நேரம் பிடித்தது. சீல் என் கையால் அறுந்தால் பழி கப்பல்காரர்கள் மேல் வராது. ஆனால் என் வேலை போய்விடும். இங்கே துரத்தப்பட்டவனை வேறு எந்தத் தளத்திலும் உள்ளே விடமாட்டார்கள். சுரண்டியைக் கம்பிக்குள் விட்டு நெம்பினேன். பட்டென்று அறுந்தது.

"சார், சுரண்டும்போது அறுந்து போச்சு."

"அறிவிருக்காய்யா உனக்கு?" என்று கப்பல் முழுக்கக் கேட்கும்படி கத்தினார் சீஃப். கத்திக்கொண்டே ஸ்பானரை எடுத்துவிட்டார்.

எங்கள் மேஸ்திரி ஓடிவந்து என் கேட் பாஸைப் பிடுங்கினார். "உன்னால என் பொழப்பும் சேர்ந்து நாறப் போகுது. கண்ணு முன்னாடி நிக்காத." வெளியே வந்து தங்கச்சி பக்கத்தில் உட்கார்ந்தேன். பம்பை மாற்றிக் கப்பல் கிளம்பும்போது வெயில் சாய்ந்திருந்தது.

"இது உருப்படாத கப்பல்னு நீதானே சொல்லிச் சிரிப்ப?" என்றாள் தங்கச்சி.

"அது சும்மா பேச்சும்மா."

"இப்ப சொல்றதுதான் சும்மாவோ என்னமோ."

துறைமுகச் சுவரைத் தாண்டிய உடனேயே கப்பல் ஒரு பக்கமாகச் சாய்ந்து, நிமிர்ந்து, மறுபடி சாய்ந்து போனதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மறுநாள் காலை கப்பல் வந்தது. காவலாளி எங்களை உள்ளே விடவில்லை. கம்பி வேலி வழியாகப் பார்த்தோம். போர்வை போர்த்திய ஒருவர் பலகையில் இறங்கினார். பின்னால் இன்னொருவர். மூன்றாவதாக நொண்டி நொண்டி வந்தவரைப் பார்த்ததும் தங்கச்சி வேலியைப் பிடித்தபடியே சரிந்து உட்கார்ந்தாள். அவர்தான். அதற்குப் பிறகு பலகையில் யாரும் இறங்கவில்லை.

வெளியே வந்தவரை அவள் நெஞ்சில் குத்திக் குத்தி அழுதாள். அவர் என்னிடம் மெதுவாகச் சொன்னார். "வந்து சுவர் மாதிரி நின்னுச்சு மச்சான். அது நின்ன பக்கம் தண்ணியே அடங்கிப்போச்சு. கப்பல்ல இருந்து தொங்கவிட்ட வலையைப் பிடிச்சு ஏறிட்டோம். டிரைவரையும் இன்னொருத்தரையும் அதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் அலை அடிச்சுட்டுப் போச்சு."

மெதுவாகச் சொன்னாலும் டிரைவரின் மனைவிக்குக் கேட்டுவிட்டது. அவள் அழவில்லை. குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"நீங்க உள்ளதானே இருந்தீங்க அண்ணே. அது காலையிலேயே கிளம்பியிருக்கலாமா?"

பம்ப் காலையிலிருந்தே அந்தப் பெட்டியில் இருந்தது. சுரண்டியும் காலையிலிருந்து என் கையில்தான் இருந்தது.

"கப்பல் நல்ல கப்பல்தாம்மா" என்றேன்.

"நான் அதைக் கேக்கலையே" என்றாள்.